ஸ்டீரியோ ஒலியும் கால்பேக்கும்: போர்ட்ஆடியோவில் முதல் நிரல் எழுதுபவர்களுக்கு

சி மொழியில் ஓரளவு பழக்கம் இருக்கிறது. கணினியில் நாமே ஒலியை உருவாக்கி இரண்டு காதிலும் தனித்தனியாகக் கேட்க வைக்க வேண்டும். நீங்கள் இருப்பது இந்த இடத்தில்தான் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

இந்த வேலையில் ஆளைச் சோர்வடைய வைப்பது ஒன்றுதான். நிரல் பிழையில்லாமல் கம்பைல் ஆகும், ஓடும், எரர் எதுவும் வராது. ஆனால் ஒலி மட்டும் கரகரக்கும், அல்லது சுருதி மாறிக் கேட்கும், அல்லது அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று வெட்டும். ஒவ்வொரு ஃபங்ஷனும் என்ன செய்யும் என்று கையேட்டில் இருக்கிறது. எந்த அறிகுறிக்கு எது காரணம் என்பதைத் தேடி நான் நிறைய அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

போர்ட்ஆடியோ லைப்ரரியை வைத்துச் சொல்கிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒலித் தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டி பயன்படுத்துவதும் இதைத்தான். நீங்கள் எழுதி லைப்ரரியிடம் கொடுக்கும் ஒரு ஃபங்ஷன்தான் கால்பேக். அடுத்த துண்டு ஒலி, அதாவது ஒரு பஃபர், தேவைப்படும்போதெல்லாம் லைப்ரரியே அதை அழைக்கும்; பஃபரை நிரப்புவது உங்கள் வேலை. ஆர்டிஆடியோ, மினிஆடியோ, ஜூஸ் என்று வேறு எதை எடுத்தாலும் கால்பேக் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும். போர்ட்ஆடியோவின் ஃபங்ஷன் பெயர்கள் எல்லாம் 'பிஏ' என்ற முன்னொட்டோடு தொடங்கும். கீழே அதை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

லைப்ரரி இலவசம். உபுண்டு, டெபியனில் 'போர்ட்ஆடியோ19-டெவ்' என்ற பேக்கேஜை நிறுவுங்கள். மேக்கில் ஹோம்ப்ரூ மூலம் ஒரே கட்டளை. விண்டோஸில் விசிபிகேஜி அல்லது எம்சிஸ்2 வழியாக எடுப்பது எளிது.

படிக்க வேண்டிய ஆவணம் ஒன்றே ஒன்று: லைப்ரரியோடு வரும் ஹெடர் ஃபைல். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலும் நீளமான விளக்கம் இருக்கும். ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி முழுவதும் படித்துவிடுங்கள். மூலநிரலில் உள்ள 'எக்ஸாம்பிள்ஸ்' ஃபோல்டரில் கருவிகளைப் பட்டியலிடும் நிரலும் சைன் அலை எழுப்பும் நிரலும் இருக்கின்றன. சொந்தமாக ஒரு வரி எழுதும் முன் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். அவையே ஓடவில்லை என்றால் கோளாறு உங்கள் நிரலில் இல்லை, நிறுவியதில் இருக்கிறது.

வன்பொருளில் வாங்க வேண்டியது ஒரு சாதாரண வயர் ஹெட்போன். யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு இப்போதே பணம் போட வேண்டாம். மடிக்கணினியின் சவுண்ட் கார்டே போதும். ப்ளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஒலி வந்து சேரவே சாதாரணமாக 100 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். அதைவிடப் பெரிய தொல்லை, அதன் மைக்கைத் திறந்தவுடன் ஹெட்போன் அழைப்புக்கான முறைக்கு மாறி ஸ்டீரியோவை மோனோ ஆக்கிவிடும். உங்கள் நிரலில் இல்லாத பிழையை நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

2. எந்தக் கருவி என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள்

'இனிஷியலைஸ்' அழைத்ததும் லினக்ஸில் அதன் ஒலி அமைப்பான அல்சா பற்றிய எச்சரிக்கை வரிகள் மளமளவென்று கொட்டும். பயப்பட வேண்டாம். இல்லாத கருவிகளையும் தேடிப் பார்ப்பதால் வருபவை அவை.

விண்டோஸில் ஒரே ஸ்பீக்கர் பட்டியலில் மூன்று நான்கு முறை வரும். எம்எம்இ, டைரக்ட்சவுண்ட், வசாபி, டபிள்யூடிஎம்-கேஎஸ் என்று ஒவ்வொரு வழிக்கும் ஒரு பதிவு. டீஃபால்ட்டாக வருவது பெரும்பாலும் எம்எம்இ, அதில் லேட்டன்சி, அதாவது ஒலி வந்து சேரும் தாமதம், அதிகம். வசாபியைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் வசாபியின் பகிர்வு முறையில், கருவிக்கு விண்டோஸ் அமைப்புகளில் உள்ள சாம்பிள் ரேட்டையே (ஒரு சேனலுக்கு நொடிக்கு எத்தனை மதிப்புகள் என்பது) நீங்களும் கேட்க வேண்டும். அங்கே 48000 இருக்க நீங்கள் 44100 கேட்டால் -9997 என்ற எரர் வரும். -9998 வந்தால் சேனல் எண்ணிக்கை தவறு. கருவிக்கு இல்லாத சேனலைக் கேட்டிருக்கிறீர்கள்.

திரும்பி வரும் எரர் எண்ணை ஒவ்வோர் அழைப்பிலும் பார்த்து, 'கெட்எரர்டெக்ஸ்ட்' கொண்டு அச்சிடும் பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள்.

3. சாம்பிளில் எண்ணாதீர்கள், ஃப்ரேமில் எண்ணுங்கள்

ஸ்டீரியோவில் புதியவர்கள் படும் பாட்டில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணத்தில் ஒரு சேனலின் மதிப்பு ஒரு சாம்பிள். அதே கணத்தில் எல்லா சேனல்களின் மதிப்பும் சேர்ந்தது ஒரு ஃப்ரேம். ஸ்டீரியோவில் ஒரு ஃப்ரேம் என்றால் இரண்டு சாம்பிள்கள். கால்பேக்குக்கு வரும் எண்ணிக்கை ஃப்ரேம்களின் எண்ணிக்கை. நீங்கள் நிரப்ப வேண்டிய சாம்பிள்கள் அதைப் போல இரண்டு மடங்கு.

மெமரியில் அவை இடது, வலது, இடது, வலது என்று மாறி மாறி இருக்கும். எந்த ஃப்ரேமானாலும் கணக்கு இதுதான்:

இடது சாம்பிளின் இடம் = ஃப்ரேம் எண் × 2
வலது சாம்பிளின் இடம் = ஃப்ரேம் எண் × 2 + 1

32 பிட் ஃப்ளோட் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 8 பைட். 48000 ரேட்டில் ஒரு நொடிக்கு 3,84,000 பைட். மதிப்பு -1.0 முதல் 1.0 வரை. 16 பிட் முழு எண் என்றால் பாதி இடம்தான். மதிப்பு -32768 முதல் 32767 வரை. தொடக்கத்தில் ஃப்ளோட்டே எடுங்கள், கணக்கு எளிது.

இந்தக் குழப்பத்தைக் காதை வைத்தே கண்டுபிடிக்கலாம்:

சுருதி சரியாக ஒரு ஸ்தாயி மேலே கேட்கிறது என்றால், ஃப்ரேமுக்கு ஒரு முறை நகர்த்த வேண்டிய ஃபேஸை (அலையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற கோணத்தை) சாம்பிளுக்கு ஒரு முறை நகர்த்துகிறீர்கள். 440 ஹெர்ட்ஸ் 880 ஆகிவிடும். பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்றால், மோனோ ஃபைலை ஸ்டீரியோ என்று நினைத்துப் படிக்கிறீர்கள். ஒலியோடு சேர்ந்து ஒரு ரீங்காரம் நிற்காமல் கேட்கிறது என்றால், லூப் பாதி பஃபரை மட்டும் நிரப்பிவிட்டு நின்றுவிடுகிறது. 256 ஃப்ரேம் பஃபரில் அந்த ரீங்காரம் 187.5 ஹெர்ட்ஸில் இருக்கும், ஏனென்றால் ஒரு நொடிக்கு அத்தனை பஃபர்கள்.

மாறி மாறி வருவது பிடிக்கவில்லை என்றால் 'நான்இன்டர்லீவ்டு' என்ற கொடியைச் சேர்த்தால் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பாயிண்டர் கிடைக்கும். அப்போது உங்களுக்கு வருவது பாயிண்டர்களின் வரிசை. அதையே சாம்பிள் வரிசை என்று நினைத்து எழுதினால் நிரல் அங்கேயே விழுந்துவிடும்.

4. உங்கள் கெடு எவ்வளவு?

பஃபரின் ஃப்ரேம் எண்ணிக்கையை சாம்பிள் ரேட்டால் வகுத்தால் கிடைப்பதுதான் கெடு. 48000-இல் 256 ஃப்ரேம் என்றால் 5.33 மில்லிசெகண்ட். 64 ஃப்ரேம் என்றால் 1.33. 44100-இல் 512 என்றால் ஏறத்தாழ 11.6.

ஒவ்வொரு முறையும் இந்த நேரத்துக்குள் கால்பேக் முடிந்தாக வேண்டும். சராசரி இங்கே உதவாது. ஆயிரம் முறை அரை மில்லிசெகண்டில் முடித்துவிட்டு ஒரே ஒரு முறை 7 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டாலும் அந்த ஒன்று 'டப்' என்று கேட்கும்.

முதல் நிரலுக்கு 512 ஃப்ரேமில் தொடங்குங்கள். எல்லாம் சரியான பிறகு குறைக்கலாம். எண்ணிக்கையை 0 என்று கொடுத்தால் கருவிக்கு ஏற்ற அளவைப் போர்ட்ஆடியோவே தீர்மானிக்கும். அப்போது எண்ணிக்கை ஒவ்வோர் அழைப்பிலும் மாறலாம். அதனால் 512 என்று நிரலுக்குள் எங்கும் எழுதி வைக்காதீர்கள். கால்பேக்குக்கு வரும் எண்ணையே நம்புங்கள்.

கேட்ட லேட்டன்சியும் கிடைத்த லேட்டன்சியும் ஒன்றாக இருக்காது. ஸ்ட்ரீமை (நிரலுக்கும் ஒலிக் கருவிக்கும் இடையிலான ஒலி ஓட்டத்தை) திறந்த பிறகு 'கெட்ஸ்ட்ரீம்இன்ஃபோ' அழைத்தால் உண்மையான மதிப்பு நொடிக் கணக்கில் கிடைக்கும். அதைத் திரையில் அச்சிட்டு வையுங்கள்.

5. முதல் கால்பேக்: இடதில் 440, வலதில் 660

இரண்டு காதிலும் ஒரே ஒலியை எழுப்பிப் பார்க்காதீர்கள். அதில் ஸ்டீரியோ பிழை எதுவும் தெரியாது. இடதில் 440 ஹெர்ட்ஸ், வலதில் 660 ஹெர்ட்ஸ் வையுங்கள். இரண்டும் ஷட்ஜமமும் பஞ்சமமுமாக இருப்பதால் நீண்ட நேரம் கேட்டாலும் காதை உறுத்தாது.

இரண்டு ஃபேஸ் மதிப்புகளை ஒரு ஸ்ட்ரக்சரில் வைத்து, அதன் முகவரியை ஸ்ட்ரீம் திறக்கும்போது 'யூசர்டேட்டா'வாகக் கொடுங்கள். அந்த ஸ்ட்ரக்சர் ஸ்ட்ரீம் மூடும் வரை உயிரோடு இருக்க வேண்டும். ஏதோ ஒரு ஃபங்ஷனுக்குள் லோக்கலாக அறிவித்துவிட்டு அந்த ஃபங்ஷன் முடிந்துபோனால், கால்பேக் செத்த மெமரியைப் படித்துக்கொண்டிருக்கும்.

கால்பேக்குக்குள் வேலை இவ்வளவுதான்: ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இடது ஃபேஸின் சைன் மதிப்பை 0.2 ஆல் பெருக்கி இடது இடத்தில் வையுங்கள், வலதையும் அப்படியே. பிறகு இரண்டு ஃபேஸையும் அதனதன் அளவு நகர்த்துங்கள். நகர்த்தும் அளவு 2π × அதிர்வெண் ÷ சாம்பிள் ரேட். 2π-ஐத் தாண்டினால் 2π-ஐக் கழித்துவிடுங்கள். கழிக்காமல் வளர விட்டால் ஃப்ளோட்டின் துல்லியம் குறைந்து, நேரம் போகப் போகச் சுருதி கலங்கும். கடைசியில் 'கன்டினியூ' என்ற மதிப்பைத் திருப்பி அனுப்புங்கள்.

0.2 என்பது ஏறத்தாழ -14 டெசிபல். இதைத் தாண்டாதீர்கள். தவறான பாயிண்டரோ நிரப்பாத பஃபரோ முழு அளவில் இரைச்சலாக வெளியேறலாம், அது காதைக் கெடுக்கும். புது நிரலை ஓட்டும்போது ஹெட்போனை முதலில் கழுத்தில் போட்டுக்கொண்டு கேளுங்கள், அப்புறம் காதில் மாட்டுங்கள்.

ஸ்ட்ரீமைத் தொடங்கிய பிறகு மெயின் ஃபங்ஷன் காத்திருக்க வேண்டும். அது முடிந்தால் எல்லாம் முடிந்தது. 'ஸ்லீப்' ஃபங்ஷனை மெயினில் அழைக்கலாம். அது மில்லிசெகண்ட் கணக்கு.

6. கால்பேக்குக்குள் நுழையக் கூடாதவை

ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை ஓட்டங்கள்தான் த்ரெட்கள். கால்பேக் உங்கள் மெயின் த்ரெட்டில் ஓடுவதில்லை. ஒலிக்கென்றே இருக்கும் தனி த்ரெட்டிலோ, சில கணினிகளில் அதைவிடக் கடுமையான சூழலிலோ ஓடுகிறது. எவ்வளவு நேரம் ஆகும் என்று உறுதி சொல்ல முடியாத எதையும் அதற்குள் செய்யக் கூடாது. பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகு அரிசி களையப் போக முடியாது. எல்லாம் சமைத்துக் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எனவே மெமரி ஒதுக்குவதும் விடுவிப்பதும் கூடாது. சி++ எழுதுபவர்கள் கவனியுங்கள்: வெக்டரில் ஒன்றைச் சேர்ப்பதும், ஸ்ட்ரிங் ஒட்டுவதும் மறைமுகமான மெமரி ஒதுக்கீடுதான். ஃபைலைப் படிக்கக் கூடாது. ஸ்லீப் கூடாது. பிரின்ட்எஃப் கூடாது, பிழை தேடுகிறேன் என்று அதைப் போட்டால் அதுவே புதுப் பிழையாகிவிடும்.

எல்லாரும் தடுக்கி விழுவது மியூடெக்ஸில், அதாவது இரண்டு த்ரெட்கள் ஒரே மதிப்பை ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டில். "ஒரே ஒரு மதிப்பைத்தானே படிக்கிறேன், பூட்டித் திறப்பதற்கு எவ்வளவு நேரமாகும்?" என்று தோன்றும். பூட்டுவது வேகமான வேலைதான். ஆனால் திரையை வரையும் த்ரெட் அந்தப் பூட்டைக் கையில் வைத்திருக்கும் நேரத்தில் இயங்குதளம் அதை ஓரமாக நிறுத்திவிட்டு வேறு வேலையை எடுத்தால்? உயர்ந்த முன்னுரிமை உள்ள ஒலித் த்ரெட், தாழ்ந்த முன்னுரிமை உள்ள த்ரெட்டுக்காகக் காத்துக் கிடக்கும். சோதனையில் இது அகப்படவே அகப்படாது. பயன்படுத்துபவரின் கணினியில், வேறு ஏதோ கனமான வேலை ஓடும்போதுதான் வரும்.

போர்ட்ஆடியோவின் சொந்த ஃபங்ஷன்களையும் கால்பேக்குக்குள் அழைக்காதீர்கள். 'கெட்ஸ்ட்ரீம்சிபியுலோடு' விதிவிலக்கு, அதை அழைக்கலாம்.

இன்னொரு பொறி, மிகச் சிறிய ஃப்ளோட் எண்கள். எதிரொலி, ஃபில்டர் போன்றவற்றில் ஒலி அடங்கும்போது மதிப்புகள் பூஜ்யத்தை நெருங்கிக்கொண்டே போகும். ஓர் அளவுக்குக் கீழே போனால் பல பிராசசர்களில் அந்தக் கணக்கு பல மடங்கு மெதுவாகும். மௌனமாக இருக்கும்போது சிபியு ஏறுகிறது என்றால் இதுதான் காரணம். அத்தகைய எண்களைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும்படி பிராசசருக்குச் சொல்ல முடியும். அந்த அமைப்பு த்ரெட்டுக்குத் த்ரெட் தனி என்பதால் ஒலித் த்ரெட்டில் வைக்க வேண்டும்.

எல்எல்விஎம் 20 முதல் க்ளாங் கம்பைலரில் 'ரியல்டைம் சானிடைசர்' இருக்கிறது. கால்பேக் ஃபங்ஷனை 'நான்பிளாக்கிங்' என்று குறித்துவிட்டால், அதற்குள் மாலக்கோ மியூடெக்ஸோ நுழைந்தவுடன் நிரலை நிறுத்தி எந்த வரி என்று காட்டும். உங்கள் கணினியில் கிடைத்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

7. வால்யூமை மாற்றினால் கரகரக்கிறதா?

திரையில் ஒரு ஸ்லைடர் இருக்கிறது, அதன் மதிப்பு கால்பேக்குக்குப் போக வேண்டும். ஒற்றை எண்ணாக இருந்தால் அட்டாமிக் மாறி போதும்; ஒரு த்ரெட் பாதி எழுதிய நிலையில் இன்னொன்று அதைப் படித்துவிட முடியாது. 'வாலட்டைல்' என்று அறிவிப்பது இதற்குத் தீர்வு ஆகாது. த்ரெட்களுக்கு இடையில் அது எந்த உறுதியும் தருவதில்லை.

வந்த மதிப்பை உடனே பயன்படுத்தினால் அலை திடீரென்று தாவும், அதுதான் கரகரப்பு. பழைய மதிப்பிலிருந்து புதிய மதிப்புக்கு 10 மில்லிசெகண்டில், அதாவது 48000-இல் 480 ஃப்ரேமில், சிறிது சிறிதாக நகருங்கள். ஒலியைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் இதேதான்.

இடது, வலது சமநிலைக்கு ஒரு குறிப்பு. நடுவில் இருக்கும்போது இரண்டு பக்கமும் 0.5 வைத்தால் ஒலி நடுவில் தணிந்து ஓரங்களில் ஓங்கிக் கேட்கும். 0 முதல் 90 பாகை வரை ஒரு கோணம் எடுத்து, இடதுக்குக் கோசைன், வலதுக்குச் சைன் வையுங்கள். நடுவில் இரண்டும் 0.707 ஆகும், ஒலியின் ஆற்றல் எங்கும் மாறாது.

8. ஃபைலிலிருந்து பாட்டு: ரிங் பஃபர்

கால்பேக்கில் ஃபைலைப் படிக்கக் கூடாது என்றால் பாட்டு எப்படி வரும்? இன்னொரு த்ரெட் ஃபைலைப் படித்து ரிங் பஃபரில் (கடைசி இடம் வந்ததும் மறுபடி முதல் இடத்திலிருந்து தொடரும் வட்டமான வரிசையில்) போடும், கால்பேக் அதிலிருந்து எடுக்கும். எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்ற விதியை மீறாத வரை பூட்டு தேவையில்லை.

போர்ட்ஆடியோவின் மூலநிரலில் இதற்கான ஃபைல்கள் தயாராக இருக்கின்றன. நிறுவிய லைப்ரரியில் அவை வராது; எடுத்து உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். உறுப்புகளின் எண்ணிக்கை 2-இன் அடுக்காக இருக்க வேண்டும்.

உறுப்பின் அளவைக் கேட்கும் இடத்தில் சாம்பிளின் 4 பைட்டைக் கொடுக்காதீர்கள், ஃப்ரேமின் 8 பைட்டைக் கொடுங்கள். சாம்பிளை உறுப்பாக வைத்தால், சரக்கு குறைந்த ஒரு கணத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் எடுத்துவிட நேரும். அந்த நொடியிலிருந்து இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறிவிடும், பிறகு திரும்பவே திரும்பாது. ஃப்ரேமை உறுப்பாக வைத்தால் அந்தப் பிழைக்கு வழியே இல்லை.

அளவு 16384 ஃப்ரேம் வைத்தால் 48000-இல் ஏறத்தாழ 341 மில்லிசெகண்ட் சரக்கு இருக்கும். படிக்கும் த்ரெட் 50 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை எழுந்து காலி இடத்தை நிரப்பினால் தாராளம். ஸ்ட்ரீமைத் தொடங்கும் முன் ரிங் பஃபரை நிரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் பாட்டின் முதல் அடி வெட்டுப்படும்.

கேட்ட அளவு கிடைக்காவிட்டால் மிச்சத்தைப் பூஜ்யத்தால் நிரப்புங்கள். நிரப்பாமல் விட்டால் அதில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. கூடவே ஓர் அட்டாமிக் எண்ணியைக் கூட்டி வையுங்கள். மெயின் த்ரெட் அதைப் பார்த்துத் திரையில் சொல்லட்டும். கால்பேக்குக்கு வரும் நிலைக் கொடிகளில் 'அவுட்புட் அண்டர்ஃப்ளோ' இருந்தாலும் இப்படியே இன்னோர் எண்ணியில் பதியுங்கள். முதல் எண்ணி ஏறினால் ஃபைல் த்ரெட் மெதுவாக இருக்கிறது. இரண்டாவது ஏறினால் ஒலி வழங்குவதே தாமதமாகிறது, முதலில் கால்பேக்கைச் சந்தேகியுங்கள். எங்கே தேட வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

9. மைக் சேரும்போது

மடிக்கணினியின் மைக் மோனோவாக இருக்கலாம். உள்ளே 1 சேனல், வெளியே 2 சேனல் என்று திறப்பதில் தடையில்லை. உள்ளே வரும் ஒவ்வொரு சாம்பிளையும் இரண்டு இடங்களில் எழுதுங்கள். உள்ளீடு இல்லாமல் திறந்த ஸ்ட்ரீமில் உள்ளீட்டு பாயிண்டர் வெற்றாக இருக்கும், அதைத் தொடும் முன் சரிபாருங்கள்.

மேக்கில் மைக் அனுமதி தரவில்லை என்றால் எரர் வராது, வெறும் பூஜ்யங்கள் வரும். மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்தால் ஊளையிடும், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளீடும் வெளியீடும் வேறு வேறு கருவி என்றால் இரண்டின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போகாது, நீண்ட நேரத்தில் விலகும். முடிந்தவரை ஒரே கருவியில் இரண்டையும் வையுங்கள்.

10. சோதனையும் நிறுத்தும் வரிசையும்

சோதிக்கும்போது ஆப்டிமைசேஷன் போட்டுக் கம்பைல் செய்யுங்கள். டீபக் பில்டில் வரும் வெட்டுகளை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது உலாவியில் கனமான பக்கங்களைத் திறங்கள், பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுங்கள், அப்படியே ஒரு மணி நேரம் விடுங்கள். மேலே சொன்ன இரண்டு எண்ணிகளும் பூஜ்யத்தில் நின்றால் பஃபரைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள்.

லினக்ஸில் சிறிய பஃபரில் மட்டும் வெட்டுகிறது என்றால், உங்கள் கணக்குக்கு ரியல்டைம் முன்னுரிமை கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 'லிமிட்ஸ்' கோப்பில் அனுமதி சேர்த்தால் வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும்.

நிறுத்தும்போது வரிசை முக்கியம். முதலில் ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள், பிறகு 'ஸ்டாப்ஸ்ட்ரீம்', பிறகு 'க்ளோஸ்ஸ்ட்ரீம்', அதன் பிறகு படிக்கும் த்ரெட்டை முடித்து மெமரியை விடுவியுங்கள், கடைசியில் 'டெர்மினேட்'. ஸ்ட்ரீம் ஓடும்போதே மெமரியை விடுவித்தால் மூடும் நேரத்தில் நிரல் எப்போதாவது ஒரு முறை விழும், காரணம் பிடிபடாது. 'ஸ்டாப்' பஃபரில் மிச்சமிருப்பதை ஒலித்து முடித்துவிட்டு நிற்கும், 'அபார்ட்' உடனே வெட்டும். கால்பேக்கே 'கம்ப்ளீட்' என்று திருப்பி அனுப்பி முடித்திருந்தாலும், அதே ஸ்ட்ரீமை மறுபடி தொடங்கும் முன் 'ஸ்டாப்ஸ்ட்ரீம்' அழைத்தாக வேண்டும்.

நிரலை மற்றவர்களுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், போர்ட்ஆடியோவின் உரிமம் எம்ஐடி வகை; விற்பனைக்கும் தடையில்லை, பதிப்புரிமை, உரிமக் குறிப்பை மட்டும் கூடவே வைக்க வேண்டும். விண்டோஸில் ஆசியோ (ஸ்டெயின்பெர்க் நிறுவனத்தின் ஒலி டிரைவர் முறை) ஆதரவோடு கட்டினால் அந்த நிறுவனத்தின் எஸ்டிகே, அதாவது அதற்கான நிரல் தொகுப்பு, உள்ளே வருகிறது, அதற்கு நிபந்தனைகள் தனி. அவற்றைப் படிக்காமல் அந்தப் பில்டை வெளியே அனுப்பாதீர்கள். வசாபியோடு நிறுத்திக்கொண்டால் இந்த வேலையே இல்லை.